இருபத்தைந்து மில்லிமீட்டர் கெத்து

கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் இன்ஜினீயர்களுக்கு ஒன்றுமே தெரியாது. சக்கரம் எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும், எவ்வளவு வெளியே வரலாம் என்று வருடக்கணக்கில் கணக்குப் போடுகிறார்கள். சோதனைத் தடத்தில் ஓட்டி, உடைத்துப் பார்த்து, மறுபடியும் கணக்குப் போடுகிறார்கள். கடைசியில் பார்த்தால் சக்கரத்தை மட்கார்டுக்குள்ளேயே பதுக்கி வைத்துவிடுகிறார்கள், பாவிகள். வண்டியை டெலிவரி எடுத்து, பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிய மறுநாளே நம் அண்ணன் இந்தச் சதியைக் கண்டுபிடித்துவிடுகிறார். வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்: "டயரு உள்ள போய் நிக்குதுடா. வண்டி சூம்பிப் போன மாதிரி இருக்கு."

சூம்பிப்போன வண்டிக்கு வைத்தியம் செய்யச் சென்னையில் ஜி.பி. ரோடு இருக்கிறது. மற்ற ஊர்களில் அதற்கு அண்ணன் தம்பி முறையில் ஒரு தெரு கட்டாயம் இருக்கும். கடைப்பையன் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்து, நாடி பிடித்த முகத்தோடு சொல்வான்: "ஸ்பேசர் போட்ருவோம்ணே. இருபத்தஞ்சு போட்டா சும்மா கும்முனு நிக்கும்."

"வெளிய எவ்வளவு வரும்?"

"ஒரு இஞ்ச்ணே. ரெண்டு பக்கமும் சேத்தா ரெண்டு இஞ்ச்."

வியாபாரம் முடிந்தது. இந்த உரையாடலில் வந்தது ஒரே ஓர் எண், அது வெளியே எவ்வளவு வரும் என்பது. ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் செருகும் ஓர் அலுமினிய வட்டு. 3 மில்லிமீட்டரிலிருந்து 50 வரை, அதற்கு மேலும், கிடைக்கும். அதைச் சரியாகத் தேர்ந்தெடுக்கக் கேட்க வேண்டிய எண்கள் குறைந்தது அரை டஜன். அவற்றில் ஒன்றைக்கூட அண்ணன் கேட்கவில்லை, கடைக்காரன் சொல்லவுமில்லை. சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவன் காதைத் திருகவில்லை. பேன்ட் தைக்கக் கொடுத்தால் இடுப்பளவு, தொடையளவு, கால் நீளம் என்று அத்தனையும் எழுதி வாங்கிக்கொள்ளும் ஊர் இது. நூற்றிருபதில் ஓடுகிற சக்கரத்துக்கு மட்டும் கண்ணளவு போதும்.

கேட்காமல் விட்ட எண்களில் முதலாவது ஹப்பின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் அந்த வளையத்தின் அளவு. சக்கரத்தின் நடு ஓட்டை அதன்மேல் கச்சிதமாக உட்கார்ந்தால்தான் சக்கரம் மையத்தில் சுழலும். ஸ்விஃப்டுக்கு 54.1 மி.மீ., போலோவுக்கு 57.1, கிரெட்டாவுக்கு 67.1, ஜிம்னிக்கு 108. தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓர் எண்ணை மெனக்கெட்டு எழுதியிருக்கிறார்கள் என்றால் அந்தப் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் அங்கே வேலை இருக்கிறது என்று அர்த்தம். கடையில் தொங்குவதோ எல்லா வண்டிக்கும் பொருந்தும் அற்புத வட்டு. நாலு நட்டும் போகும், அஞ்சு நட்டும் போகும், நட்டு வட்டத்தின் விட்டம் நூறானாலும் சேரும், நூற்றுப் பதினாலானாலும் சேரும் என்று சல்லடை போல ஓட்டை போட்டிருப்பார்கள். 73.1 நடு ஓட்டை உள்ள ஒன்றை ஸ்விஃப்டில் மாட்டினால் சுற்றிலும் ஒன்பதரை மில்லிமீட்டருக்கு வெறும் காற்று. சக்கரத்தை மையத்தில் நிறுத்துகிற மொத்தப் பொறுப்பும் நட்டுகளின் தலையில். எண்பதைத் தாண்டியதும் ஸ்டீயரிங் உதறும். "அலைன்மெண்ட் பாத்துருங்கண்ணே" என்பார்கள். அதற்கு இன்னொரு கடை, இன்னொரு பில்.

அடுத்தது மரை. சக்கரத்தைத் தாங்குவது ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரை போட்ட கம்பியான ஸ்டட்டுதான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நட்டை முறுக்கும்போது ஸ்டட்டு நூலிழை அளவு இழுபடுகிறது. அந்த இழுவிசையில் சக்கரமும் ஹப்பும் ஒன்றோடொன்று இறுகி, அந்த இறுக்கத்தின் உராய்வுதான் பாரத்தைச் சுமக்கிறது. இறுக்கம் போனால் பாரம் ஸ்டட்டின் மேல் குறுக்கே விழும். மேலும் கீழும் வளைந்து வளைந்து ஒருநாள் அது துண்டாகும். மாருதி வண்டிகளில் ஸ்டட்டு 12 மி.மீ., மரைக்கு மரை 1.25 மி.மீ. இடைவெளி. சும்மா செருகுகிற ரக ஸ்பேசர் 5 மில்லிமீட்டர் போட்டால் நட்டு பிடிக்கும் மரையில் நாலு சுற்றுப் போச்சு. 10 போட்டால் எட்டுச் சுற்று. ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்காவது மரை பிடித்திருக்க வேண்டும் என்பது பட்டறைப் பாலபாடம். 12 மில்லிமீட்டருக்கு ஒன்பதரைச் சுற்று. எண்ணிப் பார்க்கப் பத்து விரல் இருந்தால் போதும், கால்குலேட்டர்கூட வேண்டாம். இருந்தும் பத்து மில்லிமீட்டர் வட்டைச் செருகி, பழைய ஸ்டட்டிலேயே ரெண்டு சுற்று நட்டை ஏற்றி, "டைட்டா இருக்குண்ணே" என்று பானெட்டைத் தட்டி அனுப்புகிறார்கள். நீளமான ஸ்டட்டு மாற்ற வேண்டும் என்று சொன்னால் ஹப்பிலிருந்து பழையதை அடித்துக் கழற்றிப் புதியதை ஏற்ற வேண்டும். நேரம் பிடிக்கும், வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். வியாபார தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

கொஞ்சம் விவரமான அண்ணன்மார் உண்டு. "நமக்கு போல்ட் டைப் தாம்ப்பா" என்பார்கள். ஸ்பேசரை முதலில் ஹப்போடு நட்டுப் போட்டு முறுக்கி, அந்த ஸ்பேசரிலேயே உள்ள ஸ்டட்டில் சக்கரத்தை மாட்டுகிற ரகம் அது. நல்ல ரகம்தான், ஒழுங்காகச் செய்திருந்தால். ஆனால் இருபதுக்குக் கீழே மெல்லியதாக எடுத்தால் காரின் பழைய ஸ்டட்டு ஸ்பேசரைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும். சக்கரத்தின் உள்முகத்தில் அதற்குப் பள்ளம் இல்லாவிட்டால் சக்கரம் ஸ்பேசரோடு ஒட்டாமல் ஸ்டட்டு முனைகளின் மேல் நிற்கும். அதற்கும் பட்டறையில் மருந்து உண்டு. கிரைண்டரை எடுத்து ஸ்டட்டின் தலையைச் சீவிவிடுவார்கள். ஜப்பான்காரன் கணக்குப் போட்டு விட்ட நீளம், வாசலில் உட்கார்ந்து தீப்பொறி பறக்க அரை நிமிடத்தில் காலி.

எந்த அலுமினியம் என்றாவது கேட்கிறோமா? பேர்பெற்ற தயாரிப்பாளர்கள் 6061-டி6, 7075-டி6 என்று கலவையின் எண்ணையும் பதப்படுத்திய முறையையும் அச்சிட்டே விற்கிறார்கள். இங்கே கேட்டுப் பாருங்கள். "நல்ல அலுமினியம்ணே" என்று பதில் வரும். விரும்பினால் லேத் பட்டறையில் சொல்லியும் கடைந்து தருவார்கள். கோவையிலும் அம்பத்தூரிலும் மைக்ரானில் பேசுகிற கடைசல்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் கடைசலில் துல்லியம் வரலாம், உலோகத்தின் சாதிச் சான்றிதழ் வராது. அந்த உருட்டுத் தண்டு எந்த உலையில் பிறந்தது, எந்தப் பழைய பிஸ்டனும் பால் குண்டானும் அதில் கரைந்தது என்று யாருக்கும் தெரியாது. வார்ப்பு அலுமினியம் வளைந்து எச்சரிக்காது. சத்தமில்லாமல் விரிசல் விட்டு, ஒரு ஸ்பீட் பிரேக்கரில் உடையும். நம் ஊரில் ஸ்பீட் பிரேக்கருக்குப் பஞ்சமா?

மாட்டுகிற காட்சியைத்தான் டிக்கெட் போட்டுப் பார்க்க வேண்டும். ஹப்பின் முகத்தில் துருவும் சேறும் பொருக்குத் தட்டியிருக்கும். கம்பி பிரஷ் போட்டு உலோகம் தெரியத் தேய்த்தால்தான் வட்டு ஒட்டி உட்காரும். துணியால் ஒரு துடைப்பு, முடிந்தது. பிறகு காற்றுத் துப்பாக்கி. டர்ர்ர் என்று நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ரெண்டே நிமிடம். நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்கு அளவு இருக்கிறது. வண்டியைப் பொறுத்து 85 நியூட்டன் மீட்டரில் ஆரம்பித்து 120, 130 வரை போகும். கையேட்டில் அச்சடித்துத் தருகிறார்கள், அதை டேஷ்போர்டில் ஆர்.சி. புத்தகத்துக்கு அடியில் வைத்துப் பூட்டுகிறோம். டார்க் ரென்ச் இருக்கிறதா என்று கேட்டால் கடைப்பையன் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீல் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று ஒரு குதி குதிப்பான். அதுதான் டார்க். பையனின் எடை கூடினால் நியூட்டன் மீட்டரும் கூடும்.

மாட்டிய 50, 100 கிலோமீட்டரில் மறுபடி முறுக்க வேண்டும். போல்ட் ரகத்தில் உள் நட்டுகள் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் நாலு சக்கரத்தையும் கழற்றினால்தான் அவற்றைத் தொட முடியும். யார் செய்கிறார்கள்? அண்ணன் அந்த நூறாவது கிலோமீட்டரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, சக்கரத்தைத் திருப்பிவைத்து, சூரியன் மறையும் கோணத்தில் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

பேரிங் முன்னைவிடச் சீக்கிரம் முனகத் தொடங்கும். பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஒருபக்கம் பிடுங்கும். ஏனென்றால் சக்கரத்தின் உள்பக்கம் 45 என்று பொறித்திருந்த ஆஃப்செட், அதாவது சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் தள்ளியிருக்கும் தூரம், 25 மி.மீ. ஸ்பேசருக்குப் பிறகு 20 ஆகிவிட்டது. ஸ்டீயரிங் சுழலும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள உறவையே மாற்றியாகிவிட்டது. பின் சீட்டில் மூணு பேர் உட்கார்ந்தால் டயர் ஃபெண்டரில் உரசும். அதற்கு ஃபெண்டர் விளிம்பைச் சுத்தியலால் அடித்து மடக்குவார்கள், அடுத்த மழையில் அங்கே துருப் பிடிக்கும். இதெல்லாம் அண்ணனின் சொந்தச் செலவு, சொந்தச் சங்கடம். அவர் பணம், அவர் பேரிங். நமக்கென்ன?

நமக்கு வருவது வேறு. பயணத்தில் இருக்கும்போது சக்கரம் கழன்றால் அது அண்ணனோடு நிற்பதில்லை. டயரோடு சேர்த்து இருபது கிலோ எடையுள்ள சக்கரம் 80 கிலோமீட்டர் வேகத்தில் தனியே புறப்பட்டால், அது அதே எடையை எட்டு மாடி உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். பள்ளிக்கூடப் பௌதிகம்தான். சுழற்சியின் ஆற்றல் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. அதற்கு ஹார்ன் கிடையாது, பிரேக் கிடையாது. அண்ணன் காற்றுப் பையும் சீட் பெல்ட்டும் உள்ள இரும்புக் கூட்டுக்குள் இருக்கிறார். எதிரே வருவது பால்கேன் கட்டிய டி.வி.எஸ். எக்ஸ்.எல்., அல்லது பின்னால் பிள்ளையையும் முன்னால் புத்தகப் பையையும் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் போகிற ஓர் அம்மா. கழலாத நல்ல நாளிலும் மட்கார்டைத் தாண்டித் துருத்தும் டயர் மழையில் சேற்றையும் வெயிலில் சல்லியையும் அவர்கள் முகத்தில்தான் அள்ளி எறிகிறது. அண்ணனுக்குக் கும்மென்று நிற்கிறது. அந்த அம்மாவுக்குக் கண்ணில் கல்.

அந்த அம்மா ஹெல்மெட் போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம். 2022 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் அதுதான் கட்டணம். போடட்டும், ஹெல்மெட் உயிர் காக்கும். ஆனால் அதே சிக்னலில், அதே காவலரின் மூக்குக்கு முன்னால், சக்கரம் நாலும் நண்டுக்கால் போல வெளியே பரப்பிக்கொண்டு கறுப்புக் கண்ணாடியோடு வந்து நிற்கிற எஸ்.யூ.வி. அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. பானெட்டில் கொடிக்கம்பி இருந்தால் அறவே தெரியாது. உள்ளே இருப்பது வட்டமா, ஒன்றியமா, மாவட்டமா என்று விசாரிக்கவே தனித் தைரியம் வேண்டும். கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2012இல். முன்னால் இரும்புக் கம்பி மாட்டக் கூடாது என்று மத்திய அரசு சொன்னது 2017இல். கொடி கட்டிய வண்டிகளைப் பார்த்தால் இரண்டு உத்தரவுக்கும் எதிர்ப்புத் தெரிவித்து ஊர்வலம் போவது போலவே இருக்கிறது. ஸ்பேசர் அந்த ஊர்வலத்தில் கடைசியாகச் சேர்ந்த தொண்டர்.

சட்டம் இல்லாமலா? தாராளமாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தயாரிப்பாளரின் மூல வடிவத்தை மாற்றுவது கூடாது என்று தீர்ப்பே எழுதியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கடைக்காரரிடம் சொல்லிப் பார்த்தால் சிரிக்கிறார். "சக்கரம் எவ்வளவு வெளிய இருக்கணும்னு ஆர்.சி.ல எழுதியிருக்கா சார்?" எழுதியிருக்கவில்லை. வக்கீல் ஆகியிருக்க வேண்டியவர், ஸ்பேசர் விற்கிறார். மாட்டுகிறவன் குற்றவாளி என்கிற அரசு, விற்கிறவனிடம் ஜி.எஸ்.டி. வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொள்கிறது. 28 சதவீதமாக இருந்ததை 2025 செப்டம்பரில் 18 ஆகக் குறைத்தும் தந்திருக்கிறது. குற்றத்துக்குத் தள்ளுபடி விலை!

கண்டுபிடிக்க வேண்டியவர் யார்? நம் ஊரில் சொந்த உபயோகக் காருக்குப் பதிவு பதினைந்து வருடம். அந்தப் பதினைந்து வருடத்தில் அரசாங்கத்தின் ஒரு கண்ணும் அந்தச் சக்கரத்தைக் குனிந்து பார்க்காது. பிரிட்டனில் மூன்றாம் வருடத்திலிருந்து வருடா வருடம் சோதனை. ஜெர்மனியில் மூன்றாம் வருடத்தில் முதல் சோதனை, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அந்த ஜெர்மன்காரனிடம் கெத்து என்பதே கிடையாது. ஸ்பேசர் வேண்டுமா, அந்தப் பொருளுக்குச் சோதனைச் சான்று வேண்டும். மாட்டியபின் ட்யூஃப் போன்ற பரிசோதனை நிலையத்துக்கு ஓட்டிப் போக வேண்டும். அவர்கள் சஸ்பென்ஷனை அமுக்கிவைத்து, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பி எங்காவது உரசுகிறதா என்று பார்ப்பார்கள். சக்கர மையத்திலிருந்து முன்னால் 30 பாகை, பின்னால் 50 பாகை வரை டயரின் முகத்தை மட்கார்டு மூடியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். தேறினால்தான் வண்டிக் காகிதத்தில் ஏறும். இல்லையென்றால் வண்டியைத் தெருவில் எடுக்கும் அனுமதியே செத்துவிடும். ஆஸ்திரேலியாவின் மாற்ற விதிகளோ இன்னும் கறார். தயாரிப்பாளரே மாட்டி அனுப்பியது தவிர வேறு ஸ்பேசர் கூடாது, அவ்வளவுதான். போர்ஷே தன் 911க்குத் தானே 5 மி.மீ. ஸ்பேசர் விற்றிருக்கிறது. அதற்கேற்ற நீளமான போல்ட்டும் சேர்த்தே தந்தார்கள். ஆக, அந்த வட்டு பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. யாராவது ஒருவர் அளந்து, சோதித்து, கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்றால் அது யோக்கியமான பொருள்தான். நம்மிடம் அந்தக் கையெழுத்துக்குத்தான் ஆள் இல்லை. ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. காரைச் சுவரில் மோதவிட்டுப் பார்க்கும் கூடம் வரை அங்கே உண்டு. ஜி.பி. ரோட்டிலிருந்து ஒரு வட்டை எடுத்துப்போய் அங்கே வைத்து உடைத்துப் பார்க்க எந்த அதிகாரிக்கும் ஒரு மதியம்கூட வாய்க்கவில்லை போலிருக்கிறது.

2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். செத்தவர்கள் 17,884 பேர். இதில் ஸ்பேசரின் பங்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள். அப்படி ஒரு கட்டமே அந்தப் படிவத்தில் இல்லை. எஃப்.ஐ.ஆரில் எழுதுவது ஒரே பல்லவி: அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து. ஹப்பு வளையத்தில் ஒன்பதரை மில்லிமீட்டர் காற்று இருந்ததையும், நட்டு ரெண்டே சுற்றில் தொங்கியதையும் எழுத எந்த ஏட்டய்யாவுக்கும் இடம் ஒதுக்கவில்லை. அப்புறம் பிரேக் இன்ஸ்பெக்டர் வருவார். ஸ்டேஷன் வாசலில் மூன்று சக்கரத்தில் சாய்ந்து நிற்கும் வண்டியைச் சுற்றி வருவார். பிரேக்கை மிதித்துப் பார்ப்பார், ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்ப்பார். விபத்து இயந்திரக் கோளாறால் நேரவில்லை என்று அச்சடித்த வரியின் கீழே கையெழுத்துப் போடுவார்.

அதோடு வண்டி விடுதலை. காப்பீட்டுக்காரர் பார்க்க வருவதற்கு முந்தின நாள் ராத்திரியே மீதி மூன்று வட்டையும் கழற்றிவிடக் கடையில் ஆள் உண்டு. சொல்லாமல் செய்த மாற்றம் என்று க்ளெய்மை மறுக்க அவருக்கு ஒரு சாக்கு ஏன் கொடுக்க வேண்டும்? இதே சேவை வாரண்டியில் சர்வீஸ் விடும் முன்பும் கிடைக்கிறது: காலையில் கழற்றல், மாலையில் மாட்டல், கட்டணம் தனி. கழற்றியது வீணாகாது. மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் துடைத்து, செகண்ட் ஹேண்டாக அடுத்த அண்ணனுக்குப் போகும். உடைந்த நாலாவது புதுப்பேட்டைக்கு எடைக்கு.

ஸ்கூட்டியில் வந்த அம்மாவின் வீட்டார் இழப்பீட்டு நீதிமன்றத்தில் வாய்தாவுக்கு வாய்தா நடந்துகொண்டிருக்கும்போது, ஃபெண்டரெல்லாம் டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்து, வண்டி மறுபடி அதே தெருவில் வந்து நிற்கும். கடைப்பையன் அதே நாடி பிடித்த முகத்தோடு ஒரு சுற்றுச் சுற்றி வருவான்.

"போன தடவ போட்டது லோக்கல் பீஸுண்ணே, அதான். இந்தத் தடவ முப்பதாவே போட்ருவோமா?"